ஒன்றரை நிமிடச் சவாரியும் ஒரு கேமராவும்



குதிரை மேல் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் சவாரி கண்ணில் படாது. தடையைத் தாண்டும்போது முதுகு எப்படி வளைந்தது, குதிரை ஓர் அடி முன்னதாகவே எம்பிவிட்டதா, கடிவாளம் பிடித்த கை இளகிக் கொடுத்ததா என்பதெல்லாம் உடம்புக்கு மங்கலாகத்தான் தெரியும். பயிற்சியாளர் வேலியோரம் நின்று பார்த்துச் சொல்வார். அவர் சொன்னதை நம்பலாம், பார்க்க வழியில்லை. அமெரிக்காவின் குதிரைப் போட்டிகளில், பள்ளிக்கூட வயதுப் பிள்ளை ஒருவர் கேமராவும் முக்காலியுமாக ஒரு சிறுதொழில் தொடங்க இந்தக் குறைதான் இடம் கொடுக்கிறது. இன்று அந்தத் தொழிலைப் பற்றிப் பேசலாம்.

குதிரையின் அசைவைக் கண்ணால் முழுதாகப் பிடிக்க முடியாது என்பது நிரூபணமான விஷயம். 1878-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணையில், எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். முழுப் பாய்ச்சலில் ஒரு கணம் நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுகின்றன, அப்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கின்றன என்று அந்தப் படங்கள் காட்டின. அதுவரை ஓவியர்கள் கால்களை முன்னும் பின்னும் நீட்டித்தான் வரைந்து வந்தார்கள். குதிரையோடு வாழ்ந்தவர்களுக்கே தெரியாததைக் கேமரா காட்டிவிட்டது.

ஆனால் ஒரு சிறுவனோ சிறுமியோ தோளில் தூக்கிப் போகும் அளவுக்கு வீடியோ கேமரா சிறியதாக 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று எடுப்பது மட்டும் வேலையாக இல்லை. இரண்டு வீடியோ டெக்குகளை இணைத்து, படம் ஓடும் நேரம் முழுவதும் காத்திருந்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கேசட்டில் பிரதி எடுக்க வேண்டும். இன்றோ, எடுத்த நாள் மாலைக்குள்ளேயே வீடியோவின் இணைய இணைப்பை அனுப்பிவிடலாம்.

கைபேசி எல்லார் கையிலும் இருக்கிறதே, இதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்கலாம். பெற்ற தாய் படம் எடுப்பதைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளையின் முகத்துக்கு நெருங்கிப் போவார். குதிரை தடையை நெருங்கும்போது அவருக்கு மூச்சு நின்றுவிடும். தடையின் கம்பு விழுந்தால் கை ஆடும், படம் வானத்துக்குப் போய்விடும். பயிற்சியாளருக்குத் தேவையான அந்த ஒரு நொடிதான் அதில் இருக்காது. பாசத்தோடு பார்க்கிறவரால் சட்டகத்தைப் பிடித்து நிறுத்த முடிவதில்லை. கூலிக்கு எடுக்கிறவர் குதிரையின் காதிலிருந்து குளம்பு வரை, சவாரி செய்பவரையும் சேர்த்து, முழுசாக வைத்திருக்க வேண்டும். தடைக்கு முன் நான்கைந்து எட்டு, தடைக்குப் பின் நான்கைந்து எட்டு, இரண்டும் விடுபடக் கூடாது. காசு இதற்குத்தான்.

எங்கே நிற்பது என்பது போட்டியைப் பொறுத்தது. ஹன்டர் பிரிவில் நடுவர் பார்ப்பது குதிரையின் ஓட்டச் சீரும் தாண்டும் அழகும். ஆகவே பக்கவாட்டுத் தோற்றம் முக்கியம். ஜம்பர் பிரிவில் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. கம்பு விழுந்தால் நான்கு பிழைப்புள்ளிகள், அதற்கு மேல் கடிகாரம். அங்கே திருப்பங்கள் எல்லாம் தெரியும்படி உயரமான இடம் வேண்டும். குதிரை வரையறுத்த அசைவுகளை வரிசையாகச் செய்துகாட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியின் களம் 20 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம். ஒவ்வோர் அசைவுக்கும் 10-க்கு இத்தனை என்று மதிப்பெண். குதிரை நேர்கோட்டில் வருகிறதா என்று பார்க்க, குறுகிய பக்கத்தில் நிற்பதே நல்லது. எங்கே நின்றாலும் அசையாமல் நிற்க வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால், தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாவற்றையும் அது பார்க்கிறது. காற்றில் படபடக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போதும், மிரண்டுவிடும். மேலே இருப்பது இன்னொருவர் வீட்டுப் பிள்ளை.

படம் எடுப்பதைவிடக் கடினமானது நேர நிர்வாகம். பெரிய போட்டிகளில் ஒரே நேரத்தில் பல களங்கள் ஓடும். யார் எப்போது இறங்குவார் என்ற பட்டியல் ஒட்டியிருக்கும். கடைசி நேரத்தில் ஒருவர் விலகுவார், அடுத்தவர் முன்னே வந்துவிடுவார். இரண்டு களத்தில் இரண்டு வாடிக்கையாளர் ஒரே சமயத்தில் இறங்கினால், தனி ஆள் என்ன செய்வது? தவறவிட்ட சுற்றை இன்னொரு முறை ஓடச் சொல்ல முடியாது. அதனால்தான், ஒரே களத்தில் நடக்கும் உள்ளூர்ப் போட்டிகளில், முன்கூட்டிச் சொன்னவர்களுக்கு மட்டும் எடுப்பதே ஆரம்பத்தில் சரி என்று சொல்வேன். ஒரு சுற்று ஒன்றரை, இரண்டு நிமிடம். அதற்கு 20 டாலர் என்று வைத்துக்கொண்டால், பத்துப் பேர் சேர்ந்தால் 200 டாலர். பெட்ரோலும் பேட்டரியும் மெமரி கார்டும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் அதே பத்துப் பேர் அடுத்த போட்டியிலும் கூப்பிடுவார்கள்.

போவதற்கு முன் அமைப்பாளரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். பல போட்டிகளில் அதிகாரபூர்வ வீடியோக்காரர் ஒருவருக்கே விற்கும் உரிமை தரப்பட்டிருக்கும். அங்கே இடமில்லை என்று சொன்னால் வேறு போட்டியைத் தேட வேண்டியதுதான். பிடித்த சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்த்து விற்பது சட்டப்படி கூடாது, அதற்குத் தனி உரிமம் தேவை. எடுத்த படத்தைப் பொதுவெளியில் போடுவதாக இருந்தால், சவாரி செய்த பிள்ளையின் பெற்றோரிடம் முதலில் கேட்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி, சொந்தத் தொழிலில் ஆண்டுக்கு நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே வரிக் கணக்குக் கொடுக்க வேண்டும். வயது இதற்கு விலக்கு ஆகாது. பதினாறு வயதில் ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து வைக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளையை நான் மதிக்கிறேன்.

நேயர்களே, குதிரையோ கால்பந்தோ பரதநாட்டிய அரங்கேற்றமோ, உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு தொழில் தொடங்க ஆசைப்பட்டால், கேமராவின் விலையைப் பேசுவதற்கு முன் அமைப்பாளரிடம் அனுமதி கேட்கப் போகும்போது கூடப் போங்கள். பேச வேண்டியதை மட்டும் பிள்ளையே பேசட்டும்.