ஒரு வெற்றுக் கட்டம்



ஹட்டனில் வாழும் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்ற ஆண்டு ஒரு பழைய ஜெபப் புத்தகத்துடன் என்னிடம் வந்தார். அது அவருடைய பாட்டியின் புத்தகம். முதற் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் முழுப்பெயர். அதன் கீழே அபர்டீன்ஷயர் என்ற ஒரு சொல்.

"பாட்டியோட அப்பா தோட்டத்துத் துரைன்னு வீட்டுல சொல்லுவாங்க, சேர். மெதுவாத்தான் சொல்லுவாங்க. அவரு யாருன்னு பாக்கணும்" என்றார்.

அபர்டீன்ஷயர் ஸ்கொட்லாந்தின் வடகிழக்கிலே உள்ளது. நமது மலைநாட்டுக்கும் அந்தப் பகுதிக்கும் உள்ள உறவு பழையது. 1867இல் லூல்கந்துரயில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அதன் அயலிலுள்ள கின்கார்டின்ஷயரில் பிறந்தவரே.

முன்னோரைத் தேடுவோருக்கு ஸ்கொட்லாந்தின் பதிவேடுகள் ஒரு புதையல். 1855 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் பிறப்பு, விவாகம், மரணம் மூன்றும் அங்கே கட்டாயமாகப் பதியப்பட்டன. எடின்பரோவிலுள்ள பதிவகத்தின் குவிமாடத்தின் கீழே பிறப்பேடுகளைச் சிவப்பிலும் விவாக ஏடுகளைப் பச்சையிலும் மரண ஏடுகளைக் கறுப்பிலும் அட்டை கட்டி அடுக்கி வைத்தார்கள். 100 ஆண்டு கடந்த பிறப்புப் பதிவையும், 75 ஆண்டு கடந்த விவாகப் பதிவையும், 50 ஆண்டு கடந்த மரணப் பதிவையும் இன்று சிறு கட்டணம் செலுத்தி வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம்.

பின்னோக்கி நடப்பதே இந்தத் தேடலின் முறை. ஆகவே மரணத்திலிருந்து தொடங்கினோம். அங்கே மரணப் பதிவில் தந்தையின் பெயரோடு தாயின் பெயரும், அவள் பிறந்த குடும்பத்தின் பெயர் சகிதம் இருக்கும். இங்கிலாந்தின் பழைய மரணப் பதிவுகளில் இது கிடையாது. ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருந்த நாட்டில், இன்னார் இவர் என்று பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்தத் தாயின் பெயர்தான்.

நாங்கள் தேடிய பெயரிலும் பலர் இருந்தனர். ஒருவரது பதிவில் மட்டும், தொழில் என்ற இடத்தில் 'தேயிலைத் தோட்டத் துரை, ஓய்வுபெற்றவர்' என்ற பொருள்படும் சொற்கள் இருந்தன. தந்தை பண்ணைக் கூலியாள். தாயின் பெயரைப் படித்ததும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பாட்டிக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயரும் அதுவே.

மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயர், அடுத்த மகளுக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயர் என்பது ஸ்கொட்லாந்து மரபு. எல்லோரும் அதைப் பின்பற்றியதில்லை. பெயர் ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் நண்பரின் கண்கள் கலங்கின.

பிறப்புப் பதிவைப் பார்த்தோம். பெற்றோர் மணந்த திகதியும் இடமும் அதிலே இருந்தன. 1871ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அவர் பள்ளிச் சிறுவன். 1891இல் அந்த வீட்டில் அவர் இல்லை. 1855க்கு முற்பட்ட காலத்துக்குக் கோயிற்பற்றுப் பதிவேடுகளே துணை. அவற்றில் இடைவெளிகள் பல. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி வந்தபோது பலர் பதியாமலே விட்டனர். 1843இல் திருச்சபை பிளந்தபோது பிரிந்து சென்றவர்களின் பிள்ளைகள் பலர் பழைய ஏடுகளில் இல்லை. ஏட்டில் இல்லை என்பதற்காக அவர்கள் வாழவில்லை என்றாகிவிடுமா?

துரையின் மரணப் பதிவில் இன்னொரு சொல்லும் இருந்தது: 'மணமாகாதவர்'.

அந்த நாட்டிலே மணமாகாத பெண் பிள்ளை பெற்றால், கோயிற்பற்றின் போதகரும் மூப்பர்களும் கூடிய சபை அவளை அழைத்துத் தந்தை யாரென விசாரிக்கும். அவள் பெயர் சொன்னவனையும் அழைக்கும். பெண்ணைக் கூனிக் குறுக வைத்த விசாரணைதான். ஆயினும் அந்தக் குறிப்பேடுகளிலேதான் இன்று பலர் தங்கள் பூட்டனின் பெயரைக் கண்டெடுக்கிறார்கள். நமது மலையிலே, லயத்து வாசலில், அப்படியொரு சபை கூடவில்லை. கொழுந்து பறித்த அந்தப் பெண்ணிடம் எவரும் எதையும் கேட்கவில்லை, எழுதவுமில்லை.

"உங்கள் பாட்டியின் அம்மாவுக்கு என்ன பெயர்?" என்று கேட்டேன்.

நண்பர் நெடுநேரம் யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை. கடலுக்கு அப்பால் மூன்று தலைமுறையைக் கண்டுபிடித்த எங்களுக்கு, இந்த மலையில் வாழ்ந்து மறைந்த ஒருத்தியின் பெயர் கிடைக்கவில்லை.

வம்சாவளியைத் தாளில் வரைந்தபோது, துரையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு அதை வெறுமையாக விட்டார். "பேரு கெடைக்கிற வரைக்கும் இந்தக் கட்டம் இருக்கட்டும், சேர்" என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்களுடைய தாயின் பெயரையும் பாட்டியின் பெயரையும் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.