பல்கலைக்கழகப் பிள்ளைக்கு ஓர் இருப்பிடம்

சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்ஓயாவில் உள்ளது. மருத்துவ பீடமோ இரத்தினபுரி நகரில். ஆதலால் பீடம் எங்கெனத் தெளிந்த பின்னரே அறை தேடுதல் வேண்டும்.

நகரில் வாடகை குறைந்த அறை, களுகங்கைத் தாழ்நிலத்திலோ மலைச்சரிவின் அடியிலோ இருத்தல் கூடும். 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் மே மாதங்களில் பெருவெள்ளமும் மண்சரிவும் கண்ட மாவட்டம் இது. முன்னர் வெள்ளம் எவ்வளவு உயர்ந்ததென அயலாரைக் கேளுங்கள். சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கசியும் கலங்கல் நீர் ஆகியன சரிவின் முன்னறிகுறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தையும் பாருங்கள்.

கொழுந்து பறித்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் மிச்சம் பிடித்த கூலியிலேதான் லயத்துத் தாய் வாடகை தருகிறாள். சில ரூபாய் கூடினும், மழையிரவில் அவள் அச்சமின்றி உறங்கத்தக்க இடத்தையே தெரிந்தெடுங்கள்.