இந்த வயதில் கீபோர்டு கற்கலாமா? தாராளமாக!
(சமூக மன்றத்தில் மூத்தோருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் சிலருடைய வீட்டில் ஒரு கீபோர்டு இருக்கும். பேரப்பிள்ளைக்காக வாங்கியது. பிள்ளை இரண்டு மாதம் வாசித்தான். இப்போது அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதை வெளியே எடுத்துத் தூசி தட்டுங்கள். இனி அது உங்களுடையது.

“விரல் வளையாது, மூளையில் ஏறாது” என்று தயங்க வேண்டாம். மூத்த வயதிலும் மூளை புதியதைக் கற்கும். கொஞ்சம் மெதுவாகக் கற்கும், அவ்வளவுதான். கீபோர்டு வாசித்தால் முதுமை மறதி நோய் வராது என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் கண், காது, இரண்டு கைகள், ஞாபகம் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கும் பழக்கம் இது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகோ துணையை இழந்த பிறகோ பகல் பொழுது நீண்டு தெரியும். அந்தப் பொழுதில் நமக்கென்று ஒரு வேலை காத்திருப்பது பெரிய பலம்.

முதல் பாடத்தை இப்போதே சொல்கிறேன். “ஐந்து கட்டையில் பாடுகிறார்” என்கிறோமே, அந்தக் கட்டைகள்தாம் இவை. கறுப்புக் கட்டைகளைப் பாருங்கள். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று மாறி மாறி வரும். இரண்டு கறுப்புக்குச் சற்று இடப்பக்கம் இருக்கும் வெள்ளைக் கட்டையை ‘ச’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வலப்பக்கமாக ஏழு வெள்ளைக் கட்டைகள் ச ரி க ம ப த நி. எட்டாவது மேல் ச. சங்கராபரண ராகத்தின் சுரங்கள் இவை.

இன்னும் எளிதாக வேண்டுமா? மூன்று கறுப்பில் முதலாவதை ‘ச’ ஆக்கி, அந்த மூன்றையும் அடுத்த இரண்டையும் வரிசையாக வாசியுங்கள். ச ரி க ப த. அதுதான் மோகனம்! கறுப்புக் கட்டைகளை மட்டும் எந்த வரிசையில் தொட்டாலும் காதுக்கு இனிமையாகவே இருக்கும்.

வெள்ளைக் கட்டைகளில் பழகும்போது கட்டைவிரலை 1 என்றும் சுண்டுவிரலை 5 என்றும் எண்ணுங்கள். வலது கையின் ஐந்து விரல்களை ச ரி க ம ப மீது வையுங்கள். எட்டுச் சுரமும் வாசிக்க, ‘க’ ஒலித்ததும் கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் நகர்த்தி ‘ம’வைத் தொடுங்கள். காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் போதும். வலது கை பழகிய பிறகு இடது கை. இரண்டும் சேர்வது கடைசியில்தான். தெரிந்த ஒரு பழைய பாட்டின் முதல் வரியைக் காதால் கேட்டுத் தேடுங்கள்.

உடலையும் கவனியுங்கள்:

• சக்கரம் இல்லாத நாற்காலியில், பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். முழங்கை கட்டைகளின் உயரத்தில் இருக்கட்டும்.
• விரல் வலித்தால் நிறுத்துங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.
• அண்டை வீட்டாருக்காக ஹெட்போன் அணிந்தால் ஒலியைக் குறைத்து வையுங்கள்.
• மின்கம்பி நடைபாதையில் கிடக்க வேண்டாம். சுவரோரமாக ஒட்டி வையுங்கள். தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.
• ஒரு கை திடீரென்று பலமிழந்தால், முகம் கோணினால், பேச்சுக் குழறினால், களைப்பு என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 995-ஐ அழையுங்கள்.

ஒரு பாட்டு கைக்கு வந்ததும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டாம். அருகிலுள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்திற்குச் சென்று, பாடத் தெரிந்த நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசியுங்கள். இடையில் தவறினால் அவர் பாடிக்கொண்டிருப்பார். நீங்கள் அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளலாம்.