ஸ்கோப் மவுண்ட்: வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கழித்தல் கணக்கு

அமெரிக்காவில் 1000 யார்டு, அதாவது 914 மீட்டர் டார்கெட் போட்டிக்குத் தயாராகும் புதுசுங்க ஸ்கோப்புக்கு நிறைய செலவு பண்ணுவாங்க. மவுண்ட்டை மட்டும் கடைசியில் ஏதோ ஒண்ணுன்னு வாங்குவாங்க. சிக்கலே அங்கதான்.

.308 வின்செஸ்டர்னு வெச்சுக்குவோம். 100 யார்டுல ஜீரோ பண்ணின ரைஃபிளுக்கு 1000 யார்டு போக சுமார் 38 எம்ஓஏ ஏத்தணும். ஸ்கோப்போட மொத்த அசைவு 60-ன்னா, தட்டையான மவுண்ட்ல மேல 30, கீழ 30. டர்ரெட் 30-லயே நின்னுடும். மிச்சம் 8. அந்தத் தூரத்துல ஒரு எம்ஓஏ பத்தரை அங்குலம். ஆக, குண்டு ஏழு அடி கீழே!

20 எம்ஓஏ சாய்வு மவுண்ட்ல பின்பக்கம் லேசா உசந்திருக்கும். இப்போ மேல 50, கீழ 10. ரெண்டு தூரமும் அடங்கிடும். 'அப்போ 40 வாங்கிடலாமே'ன்னா, 100 யார்டுல ஜீரோவே கிடைக்காது.

அடுத்து ரிங். ஸ்கோப் குழாய் 30 மில்லிமீட்டரா, 34-ஆ பாருங்க. முன் லென்ஸ் பேரலைத் தொடக்கூடாது. கன்னம் ஸ்டாக்குல பதிஞ்சபடியே கண்ணும் நேரா வரணும். திருகை டார்க் ரெஞ்சால, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்குங்க.

முதல்ல கணக்கு, அப்புறம் கார்டு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.