மாணவனும் சிறுநகரமும்

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான செய்தி வீட்டுக்கு வந்ததும், வீட்டிலுள்ளோர் முதலிற் கேட்கும் கேள்வி பாடத்தைப் பற்றியதன்று. "பிள்ளை எங்கே தங்கும்?" என்பதே அது. சாவகச்சேரியாயினும் சரி, களுவாஞ்சிகுடியாயினும் சரி, மன்னாராயினும் சரி, தாய்மார் கேட்பது இதனையே. படிக்கப் போகும் பிள்ளைக்கு எங்கே தங்கினால் என்ன என்று சிரிப்போர் உண்டு. நான் அவ்வாறு சிரிப்பதில்லை. நம் நாட்டின் முதற் பல்கலைக்கழகமே தான் எங்கே தங்குவது என்று தெரியாமற் பல ஆண்டு அலைந்தது அன்றோ?

1921ஆம் ஆண்டிற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அதனைப் பல்கலைக்கழகமாக உயர்த்துவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, இடம் பற்றிய வாதமும் உடன் எழுந்தது. கொழும்பா, கண்டியா? கண்டியாயின், தும்பறைப் பள்ளத்தாக்கா, பேராதனையா? பத்திரிகைகளிலும் சட்டசபையிலும் நீண்ட அந்த வாதம் ஒரு போர் போலவே நடந்தது. 1942இற் பல்கலைக்கழகம் தோன்றியபோதும் அது கொழும்பிலேதான் இருந்தது. 1952இலேயே பேராதனைக்குப் பெயர்ந்தது. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்கள், மாணவர் யாவரும் விடுதி மண்டபங்களில் உறைந்து ஒருங்கே கற்கவேண்டும் என்னும் கருத்துடையவர். மகாவலி கங்கையின் கரையில், ஹந்தானை மலைச்சாரலில் எழுந்த மண்டபங்கள் அக்கருத்தின் உருவமே. அவற்றுள் இரண்டு, சேர் பொன்னம்பலம் அருணாசலம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆகிய உடன்பிறந்தார் இருவரின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன.

ஆயின், 1960 முதற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாகிக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தபோது மாணவர் தொகை பெருகியது. மண்டபங்கள் அந்த வேகத்திற் பெருகவில்லை. எல்லா ஆண்டுகளிலும் எல்லார்க்கும் விடுதியில் இடம் கிடைக்கும் என்ற நிலை போய்விட்டது. ஆகவே, மாணவர் வெளியே அறை தேடலாயினர். நாம் 'போடிங்' என்று வழங்கும் அந்த அறை எந்த ஊரில் இருக்கவேண்டும் என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

பேராதனை மாணவருக்கு முன்னே வழிகள் பல. கண்டி மாநகரம் ஒன்று. வளாகத்தின் வாயிலை ஒட்டிய அறைகள் மற்றொன்று. கொழும்பு வீதியிற் பிலிமத்தலாவையும் கடுகண்ணாவையும், கம்பளை வீதியிற் கெலிஓயாவும் கம்பளையும் ஆகிய சிறுநகரங்கள் மூன்றாவது. முதலிரண்டையும் விரைவிலே கூறிவிடுகிறேன். கண்டியில் எல்லாம் உண்டு. அதனாலேயே வாடகையும் உண்டு, நெரிசலும் உண்டு. எசல பெரஹரா நடக்கும் நாட்களில் அங்கே அறை வைத்திருக்கும் மாணவன் தன் அறைக்குத் தானே போய்ச் சேர்வது பெரும்பாடு. வாயிலை ஒட்டிய அறைகளோ நூலகத்துக்கு அண்மையில் உள்ளவை. ஆனால் அங்கே அயலவர் எல்லாரும் மாணவரே. காலையிலும் பரீட்சைப் பேச்சு, மாலையிலும் பரீட்சைப் பேச்சு. மூன்று நான்கு ஆண்டுகள் ஓர் ஊரில் வாழ்ந்தும், அவ்வூரார் ஒருவரையேனும் அறியாமற் பட்டத்துடன் வீடு திரும்பியோரை நான் அறிவேன்.

நான் சற்று நின்று பேச விரும்புவது கம்பளையைப் பற்றி. இடையாண்டுகளில் அங்கே தங்கிப் படித்தவன் நான் என்பதனால் எனக்குச் சற்றுப் பக்கச்சார்பு இருக்கலாம். நேயர்கள் அதனைக் கழித்துக்கொண்டு கேட்பார்களாக.

கம்பளை பதினான்காம் நூற்றாண்டில் ஓர் இராசதானி. இன்றோ அது கடைத்தெருவும் பஸ் நிலையமும் கொண்ட ஒரு மலைநாட்டுச் சிறுநகர். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் மூவரும் அங்கே பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் வியாபாரம் செய்கின்றனர். ஒரு மொழியிற் கேட்ட விலைக்கு மறுமொழியில் விடை வரும். மீதிச் சில்லறை மூன்றாம் மொழியாகிய புன்னகையில் வரும். வடக்கிலிருந்து வரும் மாணவன் பெரும்பாலும் சிங்களத்தைப் பாடநூலிற் கற்க முயன்று, இரண்டாம் பாடத்தில் நின்றவனாக இருப்பான். கம்பளையில் மரக்கறி வாங்கவும், சவரம் செய்யவும், பஸ் நடத்துநரிடம் மிச்சப்பணம் கேட்கவும் அவனுக்கு அம்மொழி வேண்டும். ஆறு மாதத்தில் அது வந்துவிடும். இலக்கணம் பிழையாக இருக்கும், கேட்பவர் பொறுத்துக்கொள்வர்.

அவ்வூரில் மாணவர் சிறுபான்மையினர். இதனை ஒரு நன்மையாகவே கூறுகிறேன். வளாகத்தின் அருகே மாணவன் பல்லாயிரவருள் ஒருவன். இங்கேயோ அவன் 'கம்பஸ் தம்பி'. சாப்பாட்டுக் கடை முதலாளிக்கு அவனைத் தெரியும். இரண்டு நாள் சோற்றுப் பொதி வாங்க வராவிடின், "தம்பிக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டு ஆள் அனுப்புவார். மாதக் கடைசியிற் கொப்பியில் எழுதிவிட்டுச் சோறு கொடுப்பார். அவருடைய மகளின் கணக்குப் பாடத்தைப் பார்த்துக்கொடுக்கும் கடமையும் அந்தக் கொப்பியோடு சேர்ந்தே வரும் என்பதையும் சொல்லவேண்டும். பின்னிரவில் வீடு திரும்பினால் வீட்டுக்காரம்மா காலையிற் காரணம் கேட்பார். இதனை உரிமையில் தலையிடுதல் என்று சொல்லும் இளைஞர் உளர். வீட்டைப் பிரிந்து முதன்முறை வாழும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, காரணம் கேட்பதற்கு ஒருவர் இருப்பது நல்லதென்பது என் எண்ணம்.

இனி, வடகிழக்கு மாணவர் நூலகத்திற் காணமுடியாத ஒன்றையும் கம்பளை காட்டும். நகரைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள். சம்பளம் போட்டபின் வரும் ஞாயிற்றுக்கிழமையிற் கடைத்தெருவில் நின்று பார்த்தால், லயன்களிலிருந்து இறங்கிவரும் குடும்பங்களைக் காணலாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி மாணவன் விரிவுரையிற் கேட்டிருப்பான். 1964இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின் ஆண்டையும் மனனம் செய்திருப்பான். தேநீர்க் கடை வாங்கிலே பக்கத்தில் அமர்ந்த ஒரு முதியவர், தம் தமக்கை அவ்வொப்பந்தத்தின்படி ஏறிச்சென்ற புகையிரதத்தைப் பற்றிச் சொல்லும்போது அந்த ஆண்டு வேறொன்றாகிவிடுகிறது. மலையகத்தார் புகையிரதத்தைக் 'கோச்சி' என்பர். உறவுகளைப் பிரித்துத் தலைமன்னாருக்குக் கொண்டுசென்ற அதனை 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். அந்த முதியவரோடு அரைமணி நேரம் பேசிய பின், நம் தமிழர் என்று நாம் சொல்லும் சொல்லில் யாரை உள்ளடக்கிப் பேசினோம், யாரை விட்டுவிட்டுப் பேசினோம் என்று என் நண்பர் பலர் எண்ணத் தலைப்பட்டனர்.

வரலாறு படிக்கும் மாணவருக்கு வேறொரு கொடையும் உண்டு. பிலிமத்தலாவையிலிருந்து உட்பக்கம் திரும்பும் வீதியிற் கடலாதெனியா, லங்காதிலக, எம்பெக்கே என மூன்று கோயில்கள் உள்ளன. கம்பளை அரசர் காலத்துப் பணி இவை. கடலாதெனியா விகாரையைக் கல்லில் அமைத்த சிற்பாசாரியனின் பெயர் கணேசுவராசாரி. தென்னாட்டுக் கோயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் தூண்கள் அயலாகத் தோன்றமாட்டா. லங்காதிலகவின் பாறையிற் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. விடுமுறை நாளிற் கட்டுச்சோற்றுடன் மூன்றையும் நடந்தே பார்க்கலாம். நான் இருமுறை நடந்தேன். இரண்டாம் முறை மழை பிடித்துக்கொண்டது.

நன்மைகளை இவ்வளவு கூறியபின் விலையையும் கூறவேண்டும். கம்பளைக்கும் பேராதனைக்கும் இடையே பதினான்கு கிலோமீற்றர் அளவே தூரம். ஆனால் மாணவன் தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்கலாகாது. கண்டி பஸ்ஸில் ஏறிக் கலஹாச் சந்தியில் இறங்க முக்கால் மணி. காலை நெரிசலில் ஒரு மணியும் ஆகும். போகவர ஒரு நாளில் இரண்டு மணி என்று கொண்டால், வாரத்தில் ஐந்து நாளுக்குப் பத்து மணி நேரம். அவ்வளவு நேரத்தில் ஒரு தடித்த நூலை வாசித்து முடிக்கலாம். பஸ்ஸில் வாசிக்கலாமே என்பார் அந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம் செய்யாதவர். மாலையில் நடக்கும் நாடகம், விவாதம், இசைநிகழ்ச்சி எல்லாவற்றினின்றும் பாதியில் எழுந்து வரவேண்டும். நல்ல பேச்சாளர் எப்போதும் கடைசியிலேதான் பேசுவார் என்பது நான் கண்ட உண்மை.

மாணவியருக்கு இவ்விலை இன்னும் கூடியது. இருட்டியபின் பஸ் நிலையத்திலிருந்து வீடுவரை நடக்கும் பாதையே அவர்களுக்கு ஊர். அப்பாதையில் விளக்கும் கடையும் ஆளரவமும் உண்டா என்பதைப் பார்க்காமல், அறையின் விசாலத்தைப் பார்த்து முடிவு செய்வதாற் பயனில்லை. மருத்துவ மாணவருக்கோ, வைத்தியசாலையிற் காலையும் இரவும் கடமை வரும் ஆண்டுகளில், சிறுநகர வாசத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆய்வுகூடத்தில் நெடுநேரம் நிற்கவேண்டிய விஞ்ஞான, பொறியியல் மாணவரும் இருமுறை யோசிப்பாராக. என் அபிப்பிராயத்தில், முதலாண்டு விடுதி மண்டபத்துக்கு உரியது. தோழமை அங்கேதான் உருவாகும். இறுதியாண்டு நூலகத்தின் வாயிலுக்கு உரியது. சிறுநகரத்துக்கு உரியவை இடையில் உள்ள ஆண்டுகள்.

இது பேராதனைக்கு மட்டும் உரிய செய்தியன்று. பேராதனையிற் புறப்படும் ஏ-5 பெருந்தெரு, கம்பளையைக் கடந்து, நுவரெலியா, பதுளை வழியாக மலையேறி இறங்கி, கீழ்க்கரையிற் செங்கலடியில் முடிகிறது. அங்கே அருகில் வந்தாறுமூலையில் இருப்பது கிழக்குப் பல்கலைக்கழகம். அங்குள்ள மாணவரும் மட்டக்களப்பு நகரிலா, செங்கலடியிலா, ஏறாவூரிலா என்று இதே கேள்வியைத்தான் கேட்கின்றனர். ஒரு தெருவின் இரு தலைப்பிலும் ஒரே கேள்வி!

மற்றுமொரு விடயம். 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயலின்போது மகாவலி பெருகிக் கம்பளையும் அதைச் சூழ்ந்த ஊர்களும் பேரழிவைக் கண்டன. மண்சரிவுகளும் வெள்ளமும் உயிர்களைக் கொண்டுபோயின. மலையகத்துப் புகையிரதப் பாதை பல இடங்களிற் சிதைந்து சேவை நின்றது. கங்கைக்கரை அறைக்கு வாடகை ஏன் குறைவு என்பதை அதற்கு முன்பு எவரும் ஆராய்ந்து கேட்டதில்லை. மேலே கொத்மலையிற் பெரிய அணை இருக்கிறதே என்ற நிம்மதி பலருக்கு இருந்தது. ஆகவே, இன்று கம்பளையைச் சிபாரிசு செய்பவன், எந்தக் கம்பளையை என்று சொல்லியாகவேண்டும். கங்கையை ஒட்டிய தாழ்ந்த தெருவையன்று. வெட்டிய மண்மேட்டின் கீழே ஒட்டிநிற்கும் வீட்டையுமன்று.

அறை தேடப் போகும் மாணவர், தந்தையோடு வெயிற்காலக் காலைப்பொழுதிற் போவது வழக்கம். அதனை விடுத்து, மழை பெய்யும் நாளில் மாலை ஆறு மணியளவிற் போகவேண்டும். பேராதனையிலிருந்து அந்த நேரத்துப் பஸ்ஸிலேயே போனால், பயணம் எவ்வளவு நீளும் என்பதும் உடனே தெரியும். நிலையத்தில் இறங்கியதும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று நேரக்காப்பாளரிடம் கேட்கவேண்டும். புகையிரதத்தை நம்புவோர் அதன் அன்றைய நிலையை நிலைய அதிபரிடமே விசாரிக்கவேண்டும். வீட்டுக்காரரிடம் வாடகையையும் முற்பணத்தையும் பற்றிப் பேசுமுன், வெள்ளம் எந்த மட்டம்வரை வந்தது என்று கேட்கவேண்டும். நேர்மையானவர் சுவரைத் தொட்டுக் காட்டுவார். அவர் தயங்கினால், பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்கலாம். அவர் சிங்களத்திற் சொன்னாலும் கையாற் காட்டும் உயரம் விளங்கும்.