சக்கரம் மண்ணை விடலாகாது

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இருபுறமும், சுருள்வில் சுற்றிய இரண்டு குழாய்கள் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புத்தகத்தில் அதற்கு அதிர்வு தாங்கி என்று பெயர். கடைவீதியில் ஷாக் அப்ஸார்பர் என்றால்தான் தெரியும். இவ்வளவு சிறிய பொருளுக்கு ஒரு வானொலிப் பேச்சு வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. அந்த அலட்சியத்தின் பலனை நான் அனுபவிக்கவில்லை. என் மகள் அனுபவித்தாள். ஆகையால்தான் இதைப் பற்றிப் பேச வந்தேன்.

நான் அரியலூர் மாவட்டத்தில், ஆலத்தியூரில் இருப்பவன். மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பிப்பவன். எங்கள் வட்டாரம் சுண்ணாம்புக் கல்லுக்குப் பெயர் போனது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் இன்றும் கல்லாகக் கிடைக்கின்றன. அந்தக் கல்லே சிமெண்டு ஆலைகளுக்கு உணவு. கல்லையும் சிமெண்டையும் சுமந்து லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. நிலமோ பல இடங்களில் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். மேலே பாரம், கீழே அசையும் மண்; நடுவிலே அகப்பட்ட சாலை அலை அலையாக நெளிந்துவிடுகிறது. பழைய கடலின் அலை இன்னும் ஓயவில்லையோ என்று நான் வேடிக்கையாக நினைப்பதுண்டு.

என்னிடம் திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் வண்டி ஒன்று இருக்கிறது. பல்லாண்டு உழைத்த அதன் அதிர்வு தாங்கிகளில் ஒன்றிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கியது. நான் கந்தைத் துணியால் துடைத்துவிட்டு ஓட்டினேன். மறுவாரமும் கசிந்தது, மறுவாரமும் துடைத்தேன். நோயைத் தீர்க்காமல் வியர்வையைத் துடைத்த வைத்தியன் போல நடந்துகொண்டேன்.

ஒரு மாலை, பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அரியலூரிலிருந்து திரும்பினேன். பொதுத் தேர்வுக்குப் பத்து நாளே இருந்தது. முன்னே சென்ற லாரி வேகம் தணிந்தது. நானும் பிரேக்கை மிதித்தேன். அந்த இடத்தில் சாலை நெளிந்திருந்தது. பின்சக்கரம் ஒரு மேட்டில் துள்ளியது. துள்ளிய சக்கரம் அடங்கவில்லை, மறுபடியும் துள்ளியது. தரையைத் தொடாத சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்திவிட்டது. நின்ற சக்கரம் தரையைத் தொட்டதும் பக்கவாட்டில் வழுக்கியது. இருவரும் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவளுக்கு வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய அன்றிரவு அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்பா, தணியும் அலைவு என்று நீங்கள்தானே கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினீர்கள்?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாக ஆண்டுதோறும் வரைந்த அந்தப் படம் என் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

நண்பர்களே, அந்தப் படத்தை இப்போது சொல்லால் வரைகிறேன். அதிர்வு தாங்கியில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று சுருள்வில், மற்றொன்று அதன் உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழாய். வில் பாரத்தைத் தாங்குகிறது. எத்தனை பங்கு பாரம் கூடுகிறதோ, அத்தனை பங்கு அது அமுங்கும். இந்த விதியை இங்கிலாந்து நாட்டு ராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். ஆனால் வில்லுக்கு ஒரு குறை உண்டு. வாங்கிய சக்தியை அது வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். ஊஞ்சலை ஒரு முறை தள்ளிவிட்டு விலகினால் அது தானே நெடுநேரம் ஆடுகிறது அல்லவா? வில்லும் அப்படித்தான். ஒரு பள்ளத்துக்குப் பல தடவை குதிக்கும்.

அந்தக் குதிப்பை அடக்குவதுதான் எண்ணெய்க் குழாயின் தொழில். உங்கள் வீட்டில் முறுக்குப் பிழியும் அச்சைப் பார்த்திருப்பீர்கள். மெல்ல அழுத்தினால் மாவு இணக்கமாக வரும். அவசரப்பட்டு அழுத்தினால் கை வலிக்கும். குழாயினுள்ளும் ஒரு தண்டு எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிழிகிறது. வேகமாக அசைய அசையத் தடை மிகுகிறது. துள்ளும் சக்தி வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துபோகிறது. எண்ணெய் கசிந்து போனால் வில் இருக்கும், தடை இராது. வண்டி நிற்கும்போது ஒன்றும் தெரியாது, ஓடும்போதுதான் தெரியும்.

இந்த உறுப்பு உட்காருபவரின் சுகத்துக்காக ஏற்பட்டது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மை. முதல் தொழில், சக்கரத்தைத் தரையில் வைத்திருப்பது. ஓட்டம், திருப்பம், நிறுத்தம் ஆகிய மூன்றும், உள்ளங்கை அளவு ரப்பர் மண்ணைத் தொடும் அந்த இடத்தில்தான் நிகழ்கின்றன. தொடாத சக்கரத்துக்குப் பிரேக் இருந்தும் பயனில்லை.

இதைப் பற்றி ஒரு காலத்தில் பெரிய ஐயம் இருந்தது. முன்னாளில் மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைந்திருந்தது. இருக்கைக்கு மட்டும் வில் உண்டு. கரடுமுரடான நிலத்தில் போட்டியிட்ட வீரர்கள் அதையே விரும்பினார்கள். பின்சக்கரம் அசைந்தால் மண்ணில் பிடி குறையும் என்பது அவர்கள் எண்ணம். 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ராயல் என்ஃபீல்டு கம்பெனியார், மேலும் கீழும் ஆடும் கவையில் பின்சக்கரத்தைப் பொருத்தி, எண்ணெய் அதிர்வு தாங்கிகளோடு புல்லட் வண்டியைக் களத்தில் இறக்கினார்கள். அதே ஆண்டு இத்தாலியில் சான் ரெமோ நகரில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் அந்த வண்டிகள் தங்கப் பதக்கம் பெற்றன. அசையும் சக்கரமே மண்ணை விடாத சக்கரம் என்பது விளங்கியது. பின்னாளில் இந்த வண்டி சென்னையில் நம் நாட்டுக் கைகளாலேயே உருவாகத் தொடங்கியது.

இனி என் கதைக்கு வருகிறேன். புதிய அதிர்வு தாங்கி வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளக்கும் ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். "இது நீளம் அதிகம், வில்லும் தடிப்பு. வண்டி கம்பீரமாக நிற்கும், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அமுங்காது" என்றார். எனக்கும் ஆசையாக இருந்தது. அடிபட்ட மனம் எதையாவது பலமானதாக வாங்கிவிடத் துடிக்கும் அல்லவா? நல்லவேளையாக, வாங்குமுன் அரியலூரில் எனக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவரைக் கேட்டேன். அவர் பொருளைப் பார்க்கவே இல்லை. "சார், உங்கள் எடை என்ன? பின்னால் யார் உட்காருவார்கள்? எந்தச் சாலையில் ஓட்டுகிறீர்கள்?" என்று மூன்று கேள்விகள் கேட்டார். பிறகு, "அமுங்காத வில் எதற்கு? அமுங்குவதற்குத்தானே வில்!" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பாடமே அடங்கியிருந்தது. மிகவும் விறைத்த வில், மேடு வரும்போது அமுங்காமல் வண்டியையே தூக்கியெறியும். சக்கரம் மண்ணை விடும். மிகவும் தளர்ந்த வில், பாரம் ஏறினால் அடிவரை இறங்கி முட்டும். நீளம் மிகுந்ததை மாட்டினால் வண்டியின் பின்புறம் உயரும். முன்கவை செங்குத்தாகி, கைப்பிடி நிலைகொள்ளாமல் அலையும். பக்கத் தாங்கி எட்டாமல் வண்டி சாய்ந்து நிற்கும். சங்கிலியின் கோணமும் மாறும். ஆகவே நான் முதலில் அளந்தேன். மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடுவரை உள்ள நீளம், துளையின் விட்டம், ரப்பர் புஷ்ஷின் அகலம் ஆகிய மூன்றும் பழையதற்கும் புதியதற்கும் ஒத்திருக்க வேண்டும். அதன்பின் என் வண்டிக்கும் பாரத்துக்கும் ஏற்ற வில் உள்ள ஜோடியைத் தேர்ந்தேன். ஒன்றுதானே கசிந்தது, ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று சிக்கன புத்தி சொல்லிற்று. போதாது. ஒரு பக்கம் அடங்கி மறுபக்கம் துள்ளினால் கவை முறுக்கிக்கொள்ளும், வண்டி நெளியும். இரட்டை மாடுகளில் ஒன்று கிழடும் ஒன்று காளையுமானால் வண்டி நேரே போகுமா?

வாயு நிரப்பியதும் கடையில் இருந்தது. நீண்ட நேரம் குலுங்கும்போது காற்றும் எண்ணெயும் கலந்து நுரைக்கும்; நுரைத்த எண்ணெய்க்குத் தடை குறையும். நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்தால் அந்த நுரை அடங்கும். எங்கள் சாலையை எண்ணி அதையே வாங்கினேன். ஆனால் அளவு பொருந்தாத வாயுத் தாங்கியைவிட, அளவு பொருந்திய சாதாரண எண்ணெய்த் தாங்கியே மேல் என்பதை மறக்க வேண்டாம்.

மாற்றும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்திலேயே செய்தோம். வண்டியைச் சமதளத்தில் நடுத்தாங்கியில் நிறுத்தினேன். ஒரு பக்கத்தைக் கழற்றிப் புதியதை மாட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொட்டேன். இரண்டையும் ஒருங்கே கழற்றினால் கவை கீழே தொங்கிவிடும். வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே தரையில் அடுக்கி வைத்தேன். நட்டுகளை முதலில் கையால் முடுக்கினேன். சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பின்னரே, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கினேன். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கேறி விரைவில் கிழியும். பழைய குழாயை அறுத்துப் பார்க்கும் ஆசை மாணவர்களுக்கு வரக்கூடும், வேண்டாம். அழுந்திய வில்லும் அடைத்த வாயுவும் உயிருக்கே உலை வைப்பவை.

பிறகு சோதனை. என் மகள் இடக்கையில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டாள். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது அச்சிலிருந்து இருக்கையின் ஒரு குறி வரை அளந்தாள். நான் ஏறி அமர்ந்தபின் மறுபடி அளந்தாள். சக்கரம் அசையக்கூடிய முழுத் தொலைவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் சரி. 80 மில்லிமீட்டர் அசையும் சக்கரமானால், 20 முதல் 27 வரை இறங்கலாம். முதலில் சற்று அதிகமாக இறங்கியது. வில்லின் அடியில் உள்ள வளையத்தை ஒரு படி திருப்பினேன், சரியாயிற்று. "வளையத்தைத் திருப்பினால் வில் விறைத்துவிடுமா அப்பா?" என்று கேட்டாள். இல்லை; வில்லின் குணம் மாறாது, வண்டி நிற்கும் உயரந்தான் மாறும் என்றேன். இதைத் தெரிந்துகொள்ளாமல், வில் போதாத குறையை வளையத்தால் தீர்க்க முயல்பவர் பலர். கடைசியாக இருக்கையை அழுத்திக் கையை விட்டேன். வண்டி ஒரு முறை எழுந்தது. அப்படியே அமைதியாக நின்றது. கரும்பலகையில் வரைந்த கோடு என் கண் முன்னே தணிந்து அடங்கியது. நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பார்த்தேன்.

என் மகள் அவ்வாண்டுத் தேர்வை எழுதினாள். அவள் வாயால் சொல்ல, அனுமதி பெற்ற வேறொருவர் கையால் எழுதினார். பௌதிகத் தேர்வன்று வாசலில் காத்திருந்தபோது எனக்கு உண்டான வெட்கத்தை இன்னும் மறக்கவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் அப்பாவின் வண்டியிலோ அண்ணனின் வண்டியிலோ கல்லூரிக்குப் போகிறவர்கள். இன்று மாலை அந்த இருக்கையை ஒரு முறை அழுத்திக் கையை விட்டுப் பாருங்கள். ஒரு முறை எழுந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால், அல்லது தண்டில் எண்ணெய் பளபளத்தால், துடைத்துவிட்டுப் போகாதீர்கள், வீட்டில் சொல்லுங்கள். படித்த பாடம் புத்தகத்தை விட்டு இறங்கி வாசல் வரை வரட்டும். என் பாடம் வாசல் வரை வர ஒரு குழந்தையின் கை முறிய வேண்டியிருந்தது. உங்களுக்கு அவ்வளவு தாமதம் வேண்டாம்.