பேங்க் நம்பரை நெட்டில் தேடாதீர்கள்



போன மாதம் என் மனைவி பேங்க் கஸ்டமர் கேர் நம்பரை நெட்டில் தேடி, முதலில் வந்ததற்கு போன் போட்டார். எடுத்தவன் வெகு மரியாதையாகப் பேசி ஓடிபி கேட்டான். சொல்லப் போகும் நேரத்தில் நான் போனைப் பிடுங்கிவிட்டேன். பேங்கில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் வீட்டிலேயே இந்தக் கதை!

நாம் தேடும் அந்த நொடியில் கூகுள் உலகத்தைச் சுற்றி வருவதில்லை. லெட்ஜர் காலத்தில் கஸ்டமர் பெயர் சொன்னதும் எல்லா லெட்ஜரையுமா புரட்டினோம்? இண்டெக்ஸைப் பார்த்து ஃபோலியோவை எடுப்போம். அதே வேலைதான். க்ராலர் என்ற புரோகிராம் லிங்க் லிங்க்காகப் போய்ப் பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எங்கே என்று முன்னாலேயே பதிந்து வைக்கிறது. அதில் ஏறாத பக்கம் தேடுகிறவருக்கு இல்லாத மாதிரிதான். ஏறிவிட்டதாலேயே ஆபீசர் சரிபார்த்து இனிஷியல் போட்டதாகவும் அர்த்தமில்லை.

1998-ல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்துக்கு யார் யார் லிங்க் கொடுக்கிறார்கள் என்று பார்த்து வரிசை போட்டார்கள். ஜாமீன் கையெழுத்து மாதிரி. போடுகிறவர் யார் என்பதும் கணக்கு. இப்போது இன்னும் எத்தனையோ கணக்கு சேர்ந்திருக்கிறது. இதற்கெல்லாம் மேலே காசு கொடுத்தவர் விளம்பரம் உட்கார்ந்திருக்கும். 'ஸ்பான்சர்டு' என்று பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

பேங்க் நம்பர் ஏடிஎம் கார்டின் பின்பக்கமே இருக்கிறது. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் பண்ணுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு நம்பரும் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கின்றன.